உள்ளங்கையில் விட்ட இடம்

கட்டைவிரலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முகத்தை மட்டும் பார்த்திருந்தால் தப்பித்திருப்பான். கறுப்புக் கண்ணாடி, ஒதுக்கிவிட்ட தாடி, பின்னால் ஒரு அருவி, போட்டோ எடுத்தவன் கெட்டிக்காரன், ஆளையே மாற்றிவிட்டான். ஆனால் சட்டைக் காலரை இழுத்துவிடும் அந்த இடது கையில் கட்டைவிரல் பாதியோடு நின்றிருக்கிறது. "இவருதானுங்க்கா" என்று பிரதீபா வலது கையால் போனை என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய இடது கை என் மடித் தலையணையில் மல்லாந்து கிடக்கிறது, மணிக்கட்டில் தொடங்கிய மருதாணிக் கொடி சுண்டுவிரல் அடிவரை ஏறிவிட்டது. "வெரலு ரிக்குல போச்சுங்க்கா, பைப்பு மாட்டறப்ப நசுங்கிருச்சாமா. அதெல்லாம் நான் பாக்கறதில்லீங்க, மனசுதானே?" என்கிறாள். மனசுதான் அம்மிணி, வேறென்ன. ரிக் என்றால் போர்வெல் போடும் வண்டி; எங்கள் திருச்செங்கோட்டில் வீட்டுக்கு ஒருத்தனாவது அதில் வடக்கே போயிருப்பான். அங்கே மழை பிடித்தால் வேலை நிற்கும், வண்டிகள் ஊர் திரும்பும், அந்த இடைவெளியில்தான் எங்கள் பக்கம் பெண் பார்ப்பது, உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்வது, தாலி கட்டுவது எல்லாம். நாளைக்கு இவளுக்கு உப்புச்சர்க்கரை. இவள் அம்மா போன வாரமே பார்லருக்கு வந்து, இந்துமதி நீதான் வரணும், உன் கை ராசிக்கை என்று சொல்லிவிட்டுப் போனார். ராசிக்கை! சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். இப்போதும் அந்தக் கை நிற்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. நெஞ்சு திடுக்கென்று ஒரு படி இறங்கினாலும் கோன் பிடித்த விரல் அதுபாட்டுக்கு மயிலுக்கு இறகு போட்டுக்கொண்டிருக்கிறது. "அழகா இருக்காரு" என்றேன். பொய் இல்லை, அழகாகத்தான் இருக்கிறான். "அவரு பேருல மொத எழுத்த உள்ளங்கைல ஒளிச்சு வைங்க்கா, நாளைக்கு அவரு தேடிக் கண்டுபுடிக்கோணும்" என்றாள். நடுவில் ஒரு வட்டத்தைப் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல், அதைக் கடைசியில பாத்துக்கலாம் என்று சொல்லி அடுத்த விரலுக்குப் போய்விட்டேன்.

சபரீசன் என்றாள். பெயர் இப்போதுதான் தெரிகிறது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, அதாவது இருக்கும், கூப்பிடுவார்கள், ஆனால் நாங்கள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டோம். எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் மையத்தில் இது யாரும் சொல்லிக்கொடுக்காத ஒழுங்கு. அங்கே பார்த்த முகம் வெளியே வந்தால் தெரியாத முகம். தேரோட்டத்தில் வடம் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்பார்கள், தோள் இடிக்கும், கண் ஒரு நொடி நின்று நகர்ந்துவிடும். ஒருவருக்கொருவர் தரும் மரியாதை அது, அதனால்தான் ஊரில் நாங்கள் எல்லாம் தலை நிமிர்ந்து நடக்கிறோம். அவனை அங்கே பார்த்தது போன வருஷம், இதே மழை சீசனில். ஆண்கள் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தான், அந்தப் பெஞ்சுக்கு அவன் வயது பொருந்தவே இல்லை. அங்கே உட்கார்பவர்கள் நாற்பது தாண்டிய ஆட்கள், கன்னம் ஒட்டி, இருமி, யாராவது கைத்தாங்கலாகக் கூட்டிவந்தவர்கள். எதிரே எங்கள் பெஞ்சைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிடலாம், எல்லாம் இருபது, இருபத்திரண்டு, பூ வைத்துப் பொட்டு வைத்துக் கைக்குழந்தையோடு, உடம்புக்கு ஒரு குறையும் தெரியாது. முதல் தடவை போனபோது நான் நினைத்தேன், இந்த நோய் பெண்பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்கிறது போல, பையன்கள் தப்பித்துவிடுகிறார்கள் என்று. மையத்தில் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மேடம் சிரித்தார். பாதி உண்மைம்மா, பெண் உடம்பு சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், அதிலும் சின்ன வயசு உடம்பு. மீதிப் பாதி என்னன்னா உங்களுக்குப் பிள்ளை உண்டானதும் ஊசி குத்திப் பார்த்துடறோம், பையன்களுக்கு யார் குத்தறது என்றார். அவர்களுக்கு மசக்கையா வருகிறது? வாந்தி எடுத்தால் நேற்றுக் குடித்தது ஒத்துக்கவில்லை என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இந்தப் பையன் எப்படியோ தானாக வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாத்திரை டப்பாவை வாங்கி இடுப்பில் செருகினான், எழுந்து நடந்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். முகம் சிவந்து, எடுத்து, சட்டைப்பையில் போட்டு, அங்கேயும் சத்தம். அந்தப் பாதி விரலால் டப்பாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டான். பார்லர் பையிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து நீட்டினேன். "மூடியத் தொறந்து மேல வெச்சு அடைச்சுருங்க, சத்தம் வராது." வாங்கிக்கொண்டான். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும், பஸ்ஸில் போகிறவர்கள் பஞ்சு இல்லாமல் டப்பாவைத் தொட மாட்டார்கள். தேங்க்ஸுங்க்கா என்று சொன்னான், அந்த அக்காவில் அழுகை இருந்தது, எனக்கு அவனை அப்போதே பிடித்துப்போயிற்று. அதுதான் இப்போது வினை.

அயோக்கியனாக இருந்தால் எவ்வளவு சௌகரியம். அவன் இவளிடம் சொல்லியிருப்பானோ? சொல்லியிருந்தால் இவள் இப்படிக் காலாட்டிக்கொண்டு, ஹனிமூன் போறதுக்கு ஊட்டியா கொடைக்கானலா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். சொல்லவில்லை. சொல்ல நினைத்து நாக்கு வராமல் இருக்கலாம், பூபதிக்கும் நாக்கு வரவில்லை. பூபதி என் வீட்டுக்காரன். அவன் மறைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, அவனுக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்றான். எனக்கு அப்போது இருபது. மூன்றாவது மாதம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை, ரத்தசோகை, அதோடு இதையும். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது இரட்டைக் குழந்தை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன், நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. வீட்டில் மாமியார் ஒரே ஒரு கணக்குப் போட்டார். யாருக்கு முதலில் தெரிந்ததோ அவள்தான் கொண்டுவந்தவள். "என்ற பையன் கல்லாட்டம் இருக்கறான், உனக்குத்தானே மொதல்ல வந்துச்சு?" மழை முதலில் தெரிவது ஓட்டை விழுந்த கூரையில்தான், அதற்காக மழையைக் கூரையா கொண்டுவந்தது? இதை அன்று சொல்லத் தெரியவில்லை, பேச்சு எனக்கு வந்ததெல்லாம் பிறகுதான். எங்கள் ஊரில் படித்தவர்களும் அந்தக் கணக்குத்தான் போடுகிறார்கள், எங்கள் பெஞ்சில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் பிறந்தகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். நீயும் ஒரு தடவை குத்திப் பாத்துக்க மாமா என்று பூபதியிடம் கெஞ்சினேன். ஆம்பளைக்கு என்னத்துக்குடி டெஸ்ட்டு என்று வண்டியேறிச் சத்தீஸ்கர் போனான். அடுத்த மழைக்குத் திரும்பி வந்தபோது அவனே அந்த ஒட்டிய கன்னமும் இருமலுமாக வந்தான், மையத்துக்கு நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன், ரொம்பத் தாமதம் என்றார்கள். மாட்டிக்கொண்டவள் பிழைத்தேன், மாட்டாதவன் செத்தான். எனக்கு அவன்மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, நிறைய இருக்கிறது, அவன் செத்ததுக்கும் சேர்த்துக் கோபம். ஆனால் யாழினி தப்பித்தாள். வயிற்றில் இருக்கும்போதே நான் மாத்திரை சாப்பிட்டதில் என் மகள் ஒரு பொட்டுக்கூட வாங்காமல் பிறந்தாள், இந்நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எங்கள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். எனக்கும் இப்போது ரத்தத்தில் தேடினாலும் அகப்படாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றாடம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான், பல் விளக்குவது மாதிரி.

இடது கை முடிந்தது. வட்டத்தைத் தவிர எல்லாம் முடிந்தது. "எழுத்து?" என்றாள். "அந்தக் கையக் குடு மொதல்ல" என்றேன். கொடுத்தாள். வலது கையில் என்ன போடுவது என்று யோசிக்காமலே விரல் மாங்காய் போட ஆரம்பித்துவிட்டது. சரி, இந்துமதி, என்ன செய்யப்போகிறாய்? அவன் பெயரைச் சொல்ல முடியாது. சட்டம் இருக்கிறது, அது கிடக்கட்டும், சட்டத்துக்கு முன்னாலேயே அந்தப் பெஞ்சு இருக்கிறது, நான் ஒருத்தன் பெயரை வெளியே விட்டால் நாளைக்கு எவள் அங்கே வந்து நிம்மதியாக உட்காருவாள்? அந்த மையத்தில் எனக்குக் கிடைத்ததே அந்த நிம்மதிதான், மாத்திரைகூட அப்புறம்தான். பேசாமல் போய்விடலாமா? போகலாம், கையைக் கழுவிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போகலாம், அடுத்த வருஷம் இந்த மழைக்கு எங்கள் பெஞ்சில் பூவும் பொட்டுமாக இவள் வந்து உட்கார்வாள், என்னைப் பார்ப்பாள், மருதாணி போட்ட அக்கா. அவன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவனாக இருந்தால் இவளுக்கு ஒன்றும் ஆகாது, அதுவும் எனக்குத் தெரியும், பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு போன பையன், சாப்பிடுவான். ஆனால் வடக்கே ரிக் வண்டியில் பத்துப் பேர் ஒரே இடத்தில் படுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், பஞ்சை எடுத்து, விழுங்கி, மறுபடி அடைத்து? கல்யாணம் ஆனபிறகு பெண்டாட்டிக்கும் தெரியாமல்? ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை ஒரு நாள் விட்டுப்போகும், பிறகு ஒரு வாரம் விட்டுப்போகும், எங்கள் ஆட்களிடம் எத்தனை பார்த்திருக்கிறேன். ஆக அவன் சொல்லியாக வேண்டும், இவள் கேட்டாக வேண்டும். கேட்க இவளுக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் என்னிடம் இருக்கிறது, என் உடம்பிலேயே இருக்கிறது. அவன் பெயர் அவனுடையது, நான் தொட மாட்டேன். என் பெயர் என்னுடையது, அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன். கொடுத்தால் என்ன ஆகும்? கீழே இருக்கும் இவள் அம்மா காப்பிக் கடை மாதிரி, ஒரு சேதி விழுந்தால் சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குப் பரிமாறிவிடுவார். ராசிக்கை போய்விடும். பார்லர் கண்ணாடிக்கு முன்னால் ஈ உட்காரும். அதுவும் இல்லாமல், கோணல் வழியில் அவனைக் காட்டிக்கொடுப்பதுதானே இது? காட்டிக்கொடுப்பது என்றால், இவளுக்கு மட்டும் சொன்னால்தான் காட்டிக்கொடுப்பது. எல்லாப் பெண்ணுக்கும் சொல்கிறவளாக இருந்தால்? இத்தனை நாள் சொல்லவில்லையே. சரி, இன்றைக்குத் தொடங்குகிறேன், இனிமேல் என்னிடம் கை நீட்டுகிற ஒவ்வொரு கல்யாணப் பெண்ணுக்கும் சொல்வேன், மாப்பிள்ளை யாராக இருந்தாலும். நினைத்ததும் மனசு லேசாயிற்று, எவ்வளவு நாளாக இதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்தேன், கரண்ட் போயிற்று.

வீட்டுக்குப் பின்னால் இவள் அப்பாவின் தறிகள் அதுவரை டக்கட டக்கட என்று ஓடிக்கொண்டிருந்தன, காதுக்குப் பழகிப்போய் ஓடுவதே தெரியவில்லை. நின்றதும் வீடு முழுக்க அமைதி விழுந்து, கீழே சமையலறையில் கரண்டி வைக்கிற சத்தம் மாடிக்குக் கேட்கிறது. நாலு தறி போடுகிற இரைச்சலில் சொல்லியிருந்தால் எங்களோடு போயிருக்கும். இப்போது சொன்னால் கரண்டியோடு சேர்ந்து கேட்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவிரலுக்குக் கட்டம் போட்டேன், கட்டத்துக்குள் கட்டம், வேர்வை புருவத்தில் இறங்குகிறது, துடைக்கக் கை இல்லை. பிரதீபா குனிந்து என் நெற்றியில் ஊதினாள். "வேர்க்குதுங்க்கா உங்களுக்கு." இந்தப் பெண்ணையா நான் பேசாமல் விட்டுவிட்டுப் போக நினைத்தேன்? ஊதின காற்றில் ஏலக்காய் வாசம், எதையோ மென்றிருக்கிறாள். பயம் இல்லையா எனக்கு, இருக்கிறது. சொன்ன பிறகு இதே பெண் இதே முகத்தைப் பின்னால் இழுப்பாள், கோனைப் பார்ப்பாள், என் நகத்தைப் பார்ப்பாள், எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். மாமியார் என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்த நாளில் நான் பார்த்த பார்வை. அதைத் திரும்ப ஒரு முறை தாங்குவேனா? தாங்குவேன், அதைவிடப் பெரிய கல்லைத் தாங்கியவள். வா கரண்டு, வா ராசா, என்று மனசுக்குள் மின்சார வாரியத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே பின்னால் ஒரு தறி இருமி, இரண்டாவது சேர்ந்து, எல்லாம் பிடித்துக்கொண்டன.

"அம்மிணி, ஒண்ணு சொல்றேன், கைய அசைக்காம கேளு" என்றேன். "சொல்லுங்க்கா." "எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. ஆறு வருசமா இருக்குது. என்ற வீட்டுக்காரர்கிட்ட இருந்து வந்துச்சு, அவருக்கு இருந்தது அவருக்கே தெரியாது. எனக்கு வயித்துல புள்ள வந்ததுனால தெரிஞ்சுச்சு, மருந்து சாப்பிட்டேன், நல்லா இருக்கறேன், எம் புள்ளயும் நல்லா இருக்கறா. அவரு டெஸ்ட்டு எடுக்க மாட்டேன்னாரு, போயிட்டாரு." என் குரல் எனக்கே கேட்டது, நடுங்கவில்லை, பார்லரில் பேஷியலுக்கு விலை சொல்கிற குரல். "இது மருதாணில ஒட்டாது, கையப் புடிச்சா ஒட்டாது, ஒரே டம்ளர்ல குடிச்சாலும் ஒட்டாது. பயந்துக்காத." கையை அவள் இழுக்கவில்லை. இழுத்தால் டிசைன் கலைந்துவிடும் என்றா, வேறு எதனாலோ, எனக்குத் தெரியவில்லை, கண்ணை நிமிர்த்திப் பார்க்கத் தைரியம் வராமல் கொடியிலேயே நின்றேன். "எதுக்குங்க்கா எங்கிட்ட சொல்றீங்க?" என்றாள், மெதுவாக. "இனிமே எல்லாக் கல்யாணப் பொண்ணுகிட்டயும் சொல்லப்போறேன். நீ மொத ஆளு. ஜாதகம் பாத்தீங்க, குலம் கோத்தரம் பாத்தீங்க. நீயும் அவரும் சேந்து போயி ஒரு ரத்தம் குடுத்துருங்க. யாருக்கு இருந்தாலும் இப்பல்லாம் பயமில்ல, மாத்திரை சாப்பிட்டுட்டு கல்யாணம் பண்ணலாம், புள்ள பெத்துக்கலாம். ஒளிச்சு வெச்சாத்தான் கெடுதி." "அவரு அப்படிப்பட்டவரு இல்லீங்க்கா." "பூபதியும் அப்படிப்பட்டவரு இல்ல. நான் அப்படிப்பட்டவளா?" தறி ஓடுகிறது. சுண்டுவிரலுக்கு வந்தேன், நுனியில் ஒரு பொட்டு வைத்தேன், வலது கையும் முடிந்தது. இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், அப்புறம், "போன எடுங்க்கா. எம் மூஞ்சிக்கு நேரா காட்டுங்க, தொறக்கும். அவருக்குப் போடுங்க."

போட்டேன். ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது. எடுத்தான். "சொல்லு தீபா, மருதாணி ஆச்சா?" அதே குரல், தேங்க்ஸுங்க்கா என்று சொன்ன குரல். இவள் ஒரே மூச்சில் கேட்டாள். "உப்புச்சக்கரைக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒருக்கா ரத்த டெஸ்ட்டு எடுத்துக்கலாமுங்களா? எச்.ஐ.வி.க்கு. எனக்கும்தான்." லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், வினாடி ஓடிக்கொண்டிருந்தது. ஏண்டி என்னைச் சந்தேகப்படறயா என்று கத்துவான், பூபதி அப்படித்தான் கத்தியிருப்பான். கத்துடா, கத்தினால் எனக்கு உன்னைப் பிடிக்காமலாவது போகட்டும். "தீபா" என்றான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லியிருக்கோணும்." போதும். ஸ்பீக்கரை அணைத்து, போனை அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகினேன், தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். மீதி அவன் சொல்ல வேண்டியது, அவள் கேட்க வேண்டியது, எனக்கு அதில் வேலை இல்லை. ஜன்னலுக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்குப் போகும் மலைப்படியில் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள், மேகம் உச்சியில் இறங்கியிருந்தது. சொல்லுடா தம்பி, பஞ்சை எடு, சத்தம் வரட்டும். பின்னால் அவளுடைய ம், ம் மட்டும் கேட்டது, பிறகு தெளிவாக, "போன்ல வேண்டாமுங்க. நாளைக்குக் காலைல நேர்ல வாங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. நான் கேக்கறேன், அதுக்கப்பறந்தான் உப்பு, சக்கரை எல்லாம்" என்றாள். என்ன முடிவு எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் தெரிந்து எடுப்பாள், எங்கள் பெஞ்சில் ஒருத்திக்கும் கிடைக்காதது அது.

திரும்பினேன். போன் மெத்தையில் விழுந்து கிடந்தது. இரண்டு கையையும் கலையாமல் தூக்கிப் பிடித்தபடி, முகமெல்லாம் நனைந்து, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இடது உள்ளங்கையில் நான் விட்ட வட்டம் வெள்ளையாக அப்படியே இருந்தது. எழுத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "அக்கா, கண்ணத் தொடச்சு உடுங்க" என்றாள். கொடியில் கிடந்த துண்டை எடுக்கப் போனேன், என் கைதான் இப்போது என்ன கை என்று இவளுக்குத் தெரியுமே. "துண்டு வேண்டாங்க்கா" என்று முகத்தை என் பக்கம் நீட்டினாள். "கையாலயே தொடச்சு உடுங்க."